அத்தான் மாட்டிய வெள்ளை விளக்கு

என் அக்காள் கணவர் சூசைநாதனால் எந்தப் பொருளையும் அது இருக்கிறபடி விட்டுவைக்க முடியாது. புது மின்விசிறி வாங்கினால் அன்றைக்கே அதைக் கழற்றி உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று பார்த்தாக வேண்டும். சமையலறையில் அக்காள் வைத்த உப்பு டப்பா மறுநாள் வேறு தட்டில் இருக்கும். அதுதான் கைக்கு எட்டுகிற இடமாம். ஃபேரர் பார்க்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து ரயில் மாறி சுவா சூ காங்கில் அவர்கள் வீட்டுக்கு நான் போய்ச் சேரும்போதெல்லாம் சோபா வேறொரு சுவர் ஓரமாக நகர்ந்திருக்கும். பழைய ஞாபகத்தில் உட்காரப் போய் நான் தரையில் விழுந்ததும் உண்டு. அதற்கும் அவர் என்னைத்தான் குறை சொன்னார்.

உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதரும் இல்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தபடியே சாப்பிடுவார். எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்கிற இந்த மனிதரோடு என் அக்காள் பிரிஜட் இத்தனை வருஷம் எப்படிக் குடும்பம் நடத்தினாள் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அவள் பேசுவதே குறைவு. கோபம் வந்தால் பாத்திரத்தைக்கூடச் சத்தமாக வைக்க மாட்டாள். அவர்களுடைய ஒரே மகன் ஜோனா பெர்த்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான். வேலைக்காகத்தான் போனான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு நாற்காலி ஒரு வாரமாவது ஒரே இடத்தில் இருப்பதைப் பார்க்கப் போயிருப்பான் என்பது என் எண்ணம்.

ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் அத்தான் வேறு ஆள். துவாஸில் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போகிற தொழிலாளர்களை விடுதியிலிருந்து ஏற்றிக்கொண்டு போய் இறக்கும் பஸ்ஸை ஓட்டுகிறார். பின்னால் நாற்பது பேர் தூக்கத்தில் தலை சாய்ந்து கிடப்பார்கள். ஒருத்தர் தலையும் கண்ணாடியில் இடிக்காதபடி வளைவில் திரும்புவார். அவர் லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து ரோட்டில் யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. டிப்போ சுவரில் விபத்தே செய்யாத ஓட்டுநர்கள் பெயர்களை எழுதிய பலகை ஒன்று இருக்கிறது. அதில் முதல் பெயர் அவருடையது. எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது புதிதாக வந்தால், அந்தப் பலகையின் போட்டோ கைப்பேசியில் காட்டப்படும். தப்பித்தவர்கள் யாரும் இல்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் அதே டிப்போவில் வேறொரு ஓட்டுநர் வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது ஒரு தொழிலாளியின் பாதம் நசுங்கிவிட்டது. அத்தானுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் ஒரு மாசம் அவர் ஒழுங்காகத் தூங்கவில்லை என்று அக்காள் சொன்னாள். நடு ராத்திரியில் எழுந்து கூடத்தில் நடப்பாராம். 'அந்த ஆளு எப்படி மறுபடி சாவியைக் கையில எடுத்தான்' என்று அவளையே திரும்பத் திரும்பக் கேட்பாராம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் அக்காள் செய்தது விளங்கும்.

இவ்வளவு சுத்தமாக ஓட்டுகிறவருக்கு மற்றவர்கள் மேல் குறை சொல்லும் உரிமை தானாக வந்துவிட்டது. விடியுமுன் சொந்தக் காரில் துவாஸ் டிப்போவுக்குப் போவார். எதிரே வருகிற டிரெய்லர் லாரிகளும் புதுக் கார்களும் வெள்ளை வெளிச்சத்தைக் கண்ணில் அடித்துக்கொண்டு வருகின்றனவாம். வீட்டுக்கு வந்ததும் அதைப் பற்றி யாருக்காவது ஒரு புகார் எழுதுவார். புகார் எழுதுவதில் அத்தானுக்குச் சோர்வே கிடையாது. லிஃப்ட் கதவு மெதுவாக மூடினால் ஒன்று, மரக்கிளை சன்னலைத் தொட்டால் ஒன்று. பதில் வரும்வரை எழுதுவார், பதில் வந்தால் பதிலைப் பற்றி எழுதுவார்.

வெள்ளை விளக்குக்காரர்கள் புகாருக்கு மசியவில்லை. அதனால் சென்ற மழைக்காலத்துக்குச் சற்று முன்னால், முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். அவருடைய கார் பழைய ஜப்பான் கார். முன் விளக்கு மங்கிப் போய், கண்ணாடி பழுப்பேறி இருந்தது. பற்பசை போட்டுத் தேய்த்துப் பார்த்தார். கொஞ்சம் பளிச்சென்று ஆனது, அவருக்குப் போதவில்லை. இந்த ஊரில் இருட்டு வேண்டுமென்றால் தேடித்தான் பிடிக்க வேண்டும், தெருவுக்குத் தெரு விளக்கு எரிகிற ஊரில் இன்னும் எதற்கு வெளிச்சம் என்று நான் கேட்டேன். கார் ஓட்டத் தெரியாதவர்கள் இதில் பேசக் கூடாது என்றார். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று நானும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன்.

கடை என் வீட்டுப் பக்கம்தான். ஜாலான் புசாரில் கார் உதிரிப்பாகம் விற்கிற ஒரு சீனருடைய கடை. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து வந்த கையோடு அக்காளையும் என்னையும் அங்கே இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் ஒரு பலகையில் பழைய மஞ்சள் பல்பையும் புது எல்இடி பல்பையும் பக்கத்தில் பக்கத்தில் எரியவிட்டுக் காட்டினார். வெள்ளை எரிந்ததும் மஞ்சள் செத்துவிட்டது. அத்தான் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை அவர் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

கடைக்காரர் நல்ல மனிதர். இந்தக் காரின் விளக்குக் கூடு மஞ்சள் பல்புக்காகச் செய்தது, வெள்ளையைப் போட்டால் வெளிச்சம் மேலும் பக்கமும் சிதறும், அதனால் விளக்கின் நோக்கைக் கொஞ்சம் கீழே இறக்கி வையுங்கள் என்று இரண்டு முறை சொன்னார். மழையில் கவனம் என்றும் சொன்னார். அத்தான் தலையை ஆட்டினார். இன்ஸ்பெக்‌ஷனில் வண்டியைச் சோதிக்கிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று அக்காள் மெதுவாகக் கேட்டதற்கு, அன்றைக்கு மட்டும் பழைய பல்பை மாட்டிக்கொண்டு போனால் தீர்ந்தது என்றார். பாதி ஊர் அப்படித்தான் செய்கிறதாம். புகார் எழுதுகிற வாய்தான் இதையும் சொன்னது.

அன்று மதியமே வீட்டை ஒட்டிய பலமாடிக் கார்பார்க்கின் மேல்மாடியில் வைத்து அவரே மாட்டினார். அக்காள் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல்புக்குப் பின்னால் ஒரு சின்ன விசிறி வேறு; அது ரப்பர் மூடிக்குள் போகவில்லை. மூடியை வெட்டி, கையைக் கீறிக்கொண்டு, வேர்த்து வடிந்து மாட்டி முடித்தார். எதிர்ச்சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு நோக்கைச் சரிபார்த்தார். கடைக்காரர் சொன்னபடி இறக்கியபோது வெளிச்சம் காலடியில் கிடந்தது. இதற்கா இவ்வளவு பாடு என்று திருகாணியைத் திருப்பி மேலே ஏற்றிவிட்டார். கார்பார்க்கின் அந்தக் கோடியில் ஒட்டியிருந்த அறிவிப்பை எழுத்து எழுத்தாகப் படிக்க முடிந்ததாம். அதை வீடியோவில் எடுத்து எனக்கு அனுப்பினார். 'இனி ஒரு பூனை குறுக்க போனாலும் எனக்குத் தெரியும் ஜெனி' என்று கூடவே ஒரு செய்தி. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆளிடம் என்ன பேசுவது. கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டு அனுப்பினேன்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை விடிவதற்குள் என் கைப்பேசி அடித்தது. திரையில் அத்தான் பெயர். எடுத்தால் அக்காளின் குரல்.

"ஜெனி, நான் கீழ விழுந்துட்டேன். கை ஒரு மாதிரி இருக்கு. நீ கொஞ்சம் வர்றியா?"

அவள் குரலில் பதற்றமே இல்லை. அதனாலேயே ரயிலுக்குக் காத்திருக்கத் தோன்றவில்லை. டாக்சி பிடித்துப் போனேன். கொட்டுகிற மழை. அவர்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்துத் திறந்த கூடமான வாய்ட் டெக்கில், நனைந்த இரவு உடையோடு, இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கல் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டு பக்கவாட்டில் வளைந்திருந்தது. அவள் மடியில் அத்தானுடைய கைப்பேசி.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேக்குக் காத்திருந்தபோதுதான் முழுதும் சொன்னாள். அத்தான் கைப்பேசியைச் சார்ஜில் விட்டுவிட்டு இறங்கிவிட்டார். அது இல்லாவிட்டால் அன்றைக்கு எந்த விடுதிக்குப் போக வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. அவர் மாடி கார்பார்க்கிலிருந்து சுற்றிச் சுற்றி இறங்குவதற்குள் பிடித்துவிடலாம் என்று குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். தடுப்புக் கட்டையைத் தாண்டி கார் வெளியே திரும்புகிற இடத்தில் நடைபாதை ஓரமாக நின்று கையை ஆட்டினாள். கார் திரும்பியது. அந்த வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தது. கண்ணைத் திறந்தால் வெள்ளை, மூடினாலும் வெள்ளை. கால் எங்கே இருக்கிறது, நடைபாதை எங்கே முடிகிறது என்று ஒன்றும் தெரியாமல் ஒரு அடி வைத்தாள். விளிம்பிலிருந்து கால் இறங்கி, கையை ஊன்றி விழுந்தாள். கார் பக்கத்தில் போய்விட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அத்தான் அப்போது எதிரே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. டிப்போவுக்குப் போன் போட்டு நாலு கேள்வி கேட்கிறேன் என்று எழுந்தேன். அக்காள் நல்ல கையால் என் பையைப் பிடித்து இழுத்தாள்.

"அவருக்கு இது தெரியக் கூடாது. நான் கீழ இறங்குறதுக்குள்ள அவர் போயிட்டாரு, வழுக்கி விழுந்துட்டேன். அவ்வளவுதான். ரோட்டுல யாருக்கும் ஒண்ணும் பண்ணினதில்லங்கிற ஒரு நினைப்புலதான் அந்த மனுஷன் நிக்கிறாரு. அது போயிடுச்சுன்னா பஸ்ஸைத் தொட மாட்டாரு ஜெனி. நீ வாயைத் திறக்கக் கூடாது."

மாதாவின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பையை விட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இது என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. ஆனால் உடைந்தது அவள் கை. பேச வேண்டியதும் அவள்தானே.

டிப்போவுக்கு நான் சொல்லியனுப்ப, மத்தியானம் அத்தான் வந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் அவர் முகம் இருண்டு போனது. அக்காள் தன் கதையைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே கட்டிலைச் சுற்றி வந்தார், திரைச்சீலையைச் சரிசெய்தார், நாற்காலியை இந்தப் பக்கம் போட்டார், அந்தப் பக்கம் போட்டார். கடைசியில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த இடத்துல வழுக்குச்சு?"

அக்காள் உண்மையான இடத்தையே சொல்லிவிட்டாள். பொய் பழக்கமில்லாதவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள்.

அன்று மாலையே அத்தான் அந்த நடைபாதை விளிம்பில் போய்க் குந்திவிட்டார். உயரத்தை அளந்தார். தண்ணீர் ஊற்றிச் செருப்பால் தேய்த்துப் பார்த்தார். மஞ்சள் சாயம் தேய்ந்திருப்பதைப் பல கோணங்களில் போட்டோ எடுத்தார். நகர மன்றத்துக்குப் புகார் பறந்தது. என் மனைவியின் கையை உடைத்த விளிம்புக்கு யார் பொறுப்பு என்று கேட்டிருந்தார். ஆள் வந்து பார்த்துவிட்டு, விளிம்பு மற்ற எல்லா இடத்திலும் இருக்கிற உயரம்தான், சாயம் மட்டும் புதிதாக அடித்துத் தருகிறோம் என்றார்கள். அது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது போல ஆயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. வேலையிலிருந்து வந்ததும் கீழே போய் அந்த இடத்தில் நிற்பார். அந்த வழியாகப் போகிற முதியவர்களிடம் இங்கே உங்களுக்கு வழுக்கியதுண்டா என்று விசாரிப்பார்.

நான் தினமும் வேலை முடிந்து அங்கே போய் அக்காளுக்குத் தலைவாரி, சமைத்து வைத்துவிட்டு வருவேன். அவர் பேசப் பேச உண்மை எனக்குத் தொண்டைவரை வரும். அக்காள் ஒரு பார்வை பார்ப்பாள். விழுங்கிக்கொள்வேன். அவளே சொல்லிவிட்டால் என்ன என்று தனியாகக் கேட்டேன். இன்னும் இரண்டு நாளில் அலுத்துப்போய் வேறு எதையாவது பிடித்துக்கொள்வார் என்றாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் அவரைப் பற்றிப் போட்ட கணக்கு இந்த ஒரு முறை தப்பிவிட்டது. அவருக்கு அலுக்கவில்லை. அது அவளுடைய கை என்பதால் அலுக்கவில்லை.

வியாழக்கிழமை புளோக் வாட்சாப் குழுவில் ஒரு செய்தி போட்டார். திங்கள் விடியற்காலை கார்பார்க் வாசல் பக்கம் வண்டி நிறுத்தியிருந்தவர்கள் யாராவது இருந்தால், உங்கள் டாஷ்கேமில் என் மனைவி வழுக்கி விழுந்தது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், ஆதாரம் வேண்டும், சூசைநாதன். அதைப் படித்ததும் அக்காள் முகம் வெளிறியது. அன்றைக்காவது சொல்லிவிடு என்றேன். யாரும் பார்க்க மாட்டார்கள் என்றாள்.

ஒருவர் பார்த்தார். நாலாம் மாடி முபாரக். சந்தையில் மீன் கடை வைத்திருக்கிறார். அவருடைய வேன் அன்று வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தது. நிறுத்தியிருக்கும்போதும் அதன் கேமரா ஓடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் கதவுக்கு வெளியே வந்து நின்றார். அத்தான் தட்டோடு போய்த் திறந்தார். முபாரக் உள்ளே வந்து உட்காரவில்லை. அக்காளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அத்தானிடம் தாழ்ந்த குரலில் பேசினார்.

"அண்ணே, நான் குரூப்புல போடல. உங்ககிட்ட மட்டும் காட்டிட்டு அழிச்சிடலாம்னு இருக்கேன். பார்க்காமலே அழிக்கச் சொன்னாலும் அழிச்சிடறேன்."

அவ்வளவு பக்குவமாக ஒரு மனிதர் சொன்னால் மற்றவர்களுக்கு உறைத்திருக்கும். அத்தான் ஆதாரம் கிடைத்துவிட்டது என்ற வேகத்தில் தட்டை ஷூ அலமாரி மேல் வைத்துவிட்டுக் கைப்பேசியை வாங்கினார். நான் எழுந்து அவர் பின்னால் போனேன். தடுக்க வேண்டும் என்றுதான் போனேன். அதற்குள் படம் ஓட ஆரம்பித்துவிட்டது.

மழை. வாசல். ஓரத்தில் பூப்போட்ட உடையில் ஒரு பெண் குடையோடு நிற்கிறாள். கையில் எதையோ உயர்த்தி ஆட்டுகிறாள். பிறகு வலப்பக்கத்திலிருந்து வெள்ளை வருகிறது. மழைத் தண்ணீர் முழுதும் வெள்ளையாகி, வாசல் இல்லை, தரை இல்லை, அவளும் இல்லை. அந்த வெள்ளைக்கு நடுவில் குடை மட்டும் ஒருமுறை சாய்ந்து கீழே போகிறது. கார் கடந்து போகிறது. பின்பக்கம் தெரிகிறது. நம்பர் தெரிகிறது.

அத்தான் மறுபடி ஓட்டிப் பார்த்தார். மூன்றாவது முறையும் பார்த்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது என்று எனக்குள் ஒரு மூலை நினைத்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சத்தியமாகக் கிண்டல் வரவில்லை. ஒரு வாரமாக அவர் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் போய் இரக்கம் வந்தது. கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்து, 'அழிச்சிடாத தம்பி, எனக்கு அனுப்பு' என்றார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனார். நான் சன்னலிலிருந்து பார்த்தபோது கார்பார்க் மேல்மாடியில் காரின் முன்மூடி திறந்திருந்தது.

பழைய மஞ்சள் பல்பை மாட்டிவிட்டு வந்தார். அதோடு முடியும் என்று நான் நினைத்தேன். அவருக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

நகர மன்றத்துக்கு எழுதினார்: விளிம்பில் குற்றமில்லை, விளக்கை உயர்த்தி வைத்த நான்தான் குற்றவாளி. தகவலுக்கு நன்றி, உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது என்று பதில் வந்தது. டிப்போவில் போய் அந்தப் பலகையிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னார். மேற்பார்வையாளர், அது கம்பெனி பஸ்ஸுக்குத்தான், சொந்தக் கார் அதில் வராது லா என்று சிரித்திருக்கிறார். இவர் விடவில்லை. பெயர் இருக்கிறவரை பஸ் எடுக்க மாட்டேன் என்று விடுப்புப் போட்டுவிட்டார். போலீஸ் நிலையத்துக்கும் போனார். கார் உங்கள் மனைவிமேல் பட்டதா என்று கேட்டார்கள். படவில்லை. உங்கள் மனைவி புகார் கொடுக்கிறாரா என்று கேட்டார்கள். இல்லை. அந்த விளக்கைக் கழற்றியாகிவிட்டதா? கழற்றியாயிற்று. இனி மாட்டாதீர்கள் என்று சொல்லி, வீட்டுக்குப் போய் அவரைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கடைசியாக ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். தெரியாமல் நடந்ததில் பெரிய பாவம் இல்லை, கடைக்காரர் சொன்னதைக் கேட்காத அகந்தைக்காக அருள் நிறைந்த மரியே செபத்தை மூன்று முறை சொல்லுங்கள் என்று ஃபாதர் சொல்லியிருக்கிறார். வந்ததும் என்னிடம் கொதித்தார்.

"ஒரு கை ஒடிஞ்சதுக்கு மூணு மந்திரமா? ஏன் ஜெனி, யாருமே இதை எடுத்துக்க மாட்டாங்களா?"

ஊரில் உள்ள எல்லோர் மேலும் அவர் எழுதிய புகார்களை யார் யாரோ வாங்கிக்கொண்டார்கள். அவர் மேலேயே எழுதிய புகாரை வாங்க ஆளில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்தார். காலையில் நடந்தார், சாயங்காலம் நடந்தார். அக்காள் பயந்தது அப்படியே நடந்துகொண்டிருந்தது. அவளோ வழக்கம்போல, பரவாயில்லைங்க, ஆறிப்போயிடும், விடுங்க என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை அவள் அதைச் சொல்லும்போதும் அவர் இன்னும் வேகமாக நடப்பதாக எனக்குத் தோன்றியது.

ஒரு நாள் சாயங்காலம். நான் அக்காளுக்குப் பின்னால் நின்று சடை பின்னிக்கொண்டிருந்தேன். அத்தான் சன்னலுக்கும் வாசலுக்குமாகப் போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று அவள் முன்னால் வந்து நின்றார். விளக்கை ஏத்தி வச்சது என் தப்பு, கடைக்காரன் சொன்னதைக் கேக்காதது என் தப்பு, மழையில மெதுவாப் போகாதது என் தப்பு என்று ஆரம்பித்தார். இந்த வரிசை எனக்கு மனப்பாடம். எல்லா இடத்திலும் இதைத்தான் ஒப்பித்தார். அக்காள் வழக்கம்போலப் பரவாயில்லைங்க என்றாள்.

"பரவாயில்லைன்னு சொல்லாத. நீயாவது ஒரு வார்த்தை திட்டு, பிரிஜட்."

அக்காள் என் கையிலிருந்து சடையை விடுவித்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கையை ஆட்டினேன்ங்க. உங்க காருதான்னு தெரிஞ்சுதான் நின்னேன். வேற காரா இருந்தா நான் ஒதுங்கியிருப்பேன். நம்ம வீட்டுக்காரருதான, பாத்துடுவாரு, நிறுத்திடுவாருன்னு அந்த வெளிச்சத்துக்குள்ளயே நின்னேன். நீங்க என் பக்கத்துலயே போனீங்க. தண்ணியில கெடந்துகிட்டு உங்க பின்னாடி லைட்டைப் பாத்தேன். திரும்பிப் பாப்பீங்கன்னு பாத்துக்கிட்டே கெடந்தேன்."

அத்தான் வாயைத் திறந்தார். அக்காள் விடவில்லை.

"உங்களுக்காக மறைச்சேன்னு ஜெனிகிட்ட சொன்னேன். பாதிதான் உண்மை. சொன்னா எனக்கு அழுகை வந்துடும்னு சொல்லல. ஒரு வாரமா அந்தக் கல்லுகிட்டப் போய்ப் போய் நின்னீங்களே, அளந்தீங்களே. என்கிட்ட வந்து உட்கார்ந்து, அந்த இருட்டுல உனக்குப் பயமா இருந்துச்சான்னு ஒரு தடவை கேட்டீங்களா?"

எனக்கும் அது உறைத்தது. நானும் கேட்கவில்லை. யார் மேல் தப்பு, யாரிடம் சொல்வது, எதை மறைப்பது என்பதிலேயே நானும் ஓடிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் அவள் முகத்தைப் பார்த்தும் கேட்கவில்லை.

அத்தான் அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தார். வரிசையாக வைத்திருந்த தப்புகள் எதையும் எடுக்கவில்லை. அவள் கட்டின் ஓரத்தில் வெளியே தெரிந்த விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"நான் உன்னைப் பாக்கல, பிரிஜட்," என்றார். "நீ அங்க நின்ன. நான் பாக்கல."

அக்காள் அப்போதுதான் அழுதாள்.